ஊமைக் கல்

அத்தியாயம் 17

ஒருத்தி சிரித்த முகத்தோடு மூன்று நாள் உளி பிடித்தால், அது அன்பாகவும் இருக்கலாம், ஆத்திரமாகவும் இருக்கலாம். பட்டறை அக்கா விஷயத்தில் எது என்று தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவள் தம்பியைத் தவிர.

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. அக்காவும் தம்பியும் ஒட்டுச்சுவர்க்காரர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அக்காவின் கல் பட்டறை. சமையல் மேடை, படிக்கட்டு, ஜன்னல் திண்டு என்று கிரானைட்டை அறுத்துப் பாலிஷ் போட்டுக் கொடுப்பது அவளுக்கும் அவள் கணவருக்கும் இருபத்திரண்டு வருடப் பிழைப்பு. அந்தப் பக்கம் தம்பியின் வீடு. அவன் ஸ்பீக்கர் செய்கிறவன். தெருவில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இப்போது யாரும் இல்லை. நாய் குரைத்தால்கூட அளந்து சொல்லும் பழக்கத்தால் 'டெசிபல்' ஆகிவிட்டான். கோபம் வந்தால் அவன் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பட்டறையின் அறுப்பு மெஷினுக்குக் கம்பி சுற்றி, ஈயம் வைத்து, சீல் போட்டுவிட்டுப் போனார்கள். சத்தம் தாங்கவில்லை என்று புகாராம். புகார் கொடுத்தவர்களே வந்து வாபஸ் வாங்கினால் சீல் உடையும். இல்லாவிட்டால் இந்த வெள்ளிக்கிழமை மாலையோடு பட்டறை லைசென்ஸ் ரத்து.

அக்கா புகாரின் நகலைக் கேட்டு வாங்கினாள். பெயரும் கையெழுத்தும் இருக்கிற இடத்தை வெள்ளைத் தாளால் மூடி எடுத்த நகல். நான்காவது வரியில் அவள் கண் நின்றது.

'மேற்படி இயந்திரம் காலை 10.40 மணியளவில் 87.3 டெசிபல் ஒலி எழுப்புகிறது.'

காது கிழிகிறது, தலை வெடிக்கிறது, குழந்தை தூங்கமாட்டேன் என்கிறது. மனிதர்கள் புகார் எழுதினால் இப்படி எழுதுவார்கள். அதில் போய்ப் புள்ளி மூன்று போடுகிறவன் ஊருக்கு ஒருவன் இருந்தால் அதிகம். அந்த ஒருவனும் அவள் கூடவே பிறந்து தொலைத்திருந்தான்.

மறுநாளே மகாராஜா பட்டறை வாசலில் வந்து நின்றார். "அக்கா, ஸ்பீக்கருக்கு அடியில வைக்க ரெண்டு கல்லு வேணும்."

மெஷினைக் கட்டிப்போட்ட கையோடு கல்லும் கேட்கிற தைரியம் எல்லோருக்கும் வராது. அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்கென்னடா, குடுத்துட்டாப் போச்சு" என்று சிரித்தாள்.

அந்தக் கல் இன்று போகிறது. இன்று வியாழக்கிழமை.

* * *

மத்தியானம் ஒன்றரை மணி. பட்டறைக்குள் வழக்கமாக இந்த நேரத்தில் பேச முடியாது, கை ஜாடைதான். இன்று எறும்பு நடந்தால் கேட்கும்.

கொல்லைச் சுவர் ஓரம் ஒதுக்கிப் போட்டிருந்த கழிவுக் குவியலிலிருந்து எடுத்த இரண்டு பலகைகள் மேஜைமேல் கிடந்தன. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குலக் கனம். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்குக் குறையாது. மெஷின் சீலில் இருந்ததால் விளிம்பை எல்லாம் உளியாலேயே தட்டி நேராக்கியிருந்தாள் அக்கா. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து மறுபடி வந்திருந்தது. மேற்பரப்பு கண்ணாடி. குனிந்தால் முகம் தெரியும்.

அவள் கணவர் பாலிஷ்காரர். கல்லுக்கு மட்டும் இல்லை, வீட்டுச் சண்டைக்கும் அவர்தான் பாலிஷ். சின்னச் சுத்தியலை எடுத்துப் பலகையின் நடுவில் ஒரு தட்டுத் தட்டினார்.

'பொத்'.

பக்கத்தில் சமையல் மேடைக்காக வைத்திருந்த நல்ல கல்லைத் தட்டினார். 'ணங்ங்' என்று கோப்பை விளிம்பைச் சுண்டினாற்போல நீண்டு ஒலித்தது.

"இந்தா, இது ஊமைக் கல்லும்மா" என்றார். "உள்ள பூரா மயிரிழை விரிசல். நீயேதான ஒதுக்கிப் போட்ட?"

"ஆமா."

"மேடைக்குப் போட்டா ஆறு மாசத்துல ரெண்டாப் போயிடும்."

"மேடைக்கா போடறோம்? அவன் ஸ்பீக்கர் பெட்டிக்குத்தான போடறோம்."

"நல்ல கல்லு ரெண்டு இருக்கு. அதையே குடுத்துடலாமே. இன்னிக்கு அவனுக்கு முக்கியமான நாளு."

"அதான் எனக்கும் முக்கியமான நாளு."

முக்கியம் என்ன என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா? நகரத்தில் புதிதாக ஒரு பெரிய அரங்கம் கட்டுகிறார்கள். எண்ணூறு இருக்கை. அதற்குப் பன்னிரண்டு ஸ்பீக்கர் வேண்டும். யாரிடம் செய்வது என்று முடிவெடுக்கிற குழு ஒன்று இருக்கிறது. அந்தக் குழு ஒரே ஒரு மனிதர் சொல்வதைத்தான் கேட்கும். அவருக்கு 'காது' என்று பெயர். அவர் தலையை ஆட்டினால் டெசிபலின் பதினோரு வருட உழைப்புக்கு விடிவு. எழுந்து போய்விட்டால், அந்த இரண்டு பெட்டியையும் துணி மடித்து வைக்கத்தான் பயன்படுத்தலாம். காது இன்று மூன்று மணிக்கு வருகிறார்.

"தட்டினா பொத்துங்கற கல்லு" என்றாள் அக்கா. "அதும் மேல நின்னா பெட்டியும் பொத்துனுதான் பாடும். அந்த ஆளு பாதிப் பாட்டுல எந்திரிச்சு, இதுக்காய்யா என்னை வரவழைச்சன்னு கேக்கணும். அப்ப இவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் கிட்ட உக்காந்து பாக்கணும்."

கல்லைத் தட்டித் தட்டியே வாழ்ந்தவளுக்கு உலகம் இரண்டே வகை. ணங் என்றால் நல்லது, பொத் என்றால் குப்பை. இதில் மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

"அவன் உன் தம்பி" என்றார் பாலிஷ்காரர்.

"தம்பிங்கறதாலதான் கல்லோட நிறுத்தறேன். வேற எவனாவதா இருந்தா நடக்கறதே வேற."

"அவனைக் கூப்பிட்டு நேராவே கேளேன். வாபஸ் வாங்குடான்னு சொல்லேன்."

"நான் போய்க் கெஞ்சணுமா? எழுதினவன் அவன், கெஞ்சறவ நானா?"

"நாளைக்குத்தான் கடைசி நாளு..."

"தெரியும்."

"லைசென்ஸ் போனாலும் போகட்டுமே. ரெண்டு பேரும் கொஞ்ச நாள் சும்மா இருப்போமே."

அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் பாலிஷ்காரர் சுத்தியலை வைத்துவிட்டுத் தள்ளுவண்டி எடுக்கப் போனார்.

* * *

டெசிபலின் கேட்கும் அறையைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். சுவர் நிறைய முட்டைத் தட்டு மாதிரி பஞ்சு. ஜன்னலில் மூன்று அடுக்குத் திரை. தரை முழுக்க அவனே பதித்த மரப்பலகை. கடிகாரம் கிடையாது, டிக்டிக் ஆகாதாம். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் அவன் மனைவி இதுவரை உட்கார்ந்ததில்லை.

"அக்கா, மெதுவா, மெதுவா! வண்டிச் சக்கரம் தரையைக் கீறும்."

"உன் தரைக்கு வலிக்குதாடா?"

"செருப்பு..."

"கழட்டியாச்சு. காலையும் கழட்டணுமா?"

டெசிபலின் மனைவி கணக்கு டீச்சர். கதவில் சாய்ந்து நின்றபடி சிரித்தாள். "இந்த வீட்டுல தும்மறதுக்கே நேரம் பாக்கணும் அண்ணி. நேத்து ஃபிரிட்ஜைப் பிடுங்கிட்டாரு, ஓடற சத்தம் கேக்குதுன்னு. பால் திரிஞ்சு போச்சு."

"பால் திரிஞ்சா என்ன டீச்சர், சத்தம் திரியலைல்ல?"

டெசிபல் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. தரையில் ஒட்டியிருந்த நாலு துண்டு டேப்புக்கு நடுவே முதல் கல் இறங்குவதைக் குழந்தையைத் தொட்டிலில் விடுகிறாற்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். சாய்ந்திருக்கிறதா என்று குமிழிமட்டம் வைத்துப் பார்த்தான். பாலிஷைத் தடவினான்.

"சூப்பரா இருக்குக்கா. என்ன பளபளப்பு!"

"உனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தேன்டா."

"மரத்தரை பெட்டியோட சேர்ந்து ஆடுதுக்கா. அதான் அடிச்சத்தம் குழறுது. கனமா ஒண்ணு நடுவுல இருந்தா ஆட்டம் நிக்கும்னு தோணிச்சு." அவன் சட்டைப் பையிலிருந்து சின்ன மீட்டரை எடுத்து நீட்டினான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியாதே. "உன் மெஷின் ஓடாததால ரூம் எவ்ளோ அமைதியா இருக்கு பாரு. முப்பத்தொண்ணு புள்ளி நாலு."

"புள்ளி நாலா?"

"ஆமா."

"நல்லாப் பாரு. புள்ளி மூணா இருக்கப் போகுது."

"இல்லக்கா, நாலுதான்" என்று மீட்டரை அவள் கண்முன் காட்டினான். குத்தல்கூட உறைக்காத பிறவி.

இரண்டாவது கல்லைத் தூக்கினார்கள். பாதி வழியில் அவனாகவே ஆரம்பித்தான். "புகார் குடுத்தது யாருன்னு ஏதாவது தெரிஞ்சுதாக்கா?"

கல் அந்தரத்தில் நின்றது. அதற்கு நேர் கீழே டெசிபலின் வலது கால்.

"தெரியலைடா" என்றாள் அக்கா. "தெரிஞ்சா இதைக் கால்ல போட்டிருக்க மாட்டேனா?"

அவன் காலை எடுத்துக்கொண்டான். பாலிஷ்காரர் இருமினார். கல் பத்திரமாகத் தரைக்கு வந்தது.

பிறகு நாலு பேருமாக நெஞ்சு உயரப் பெட்டிகளைத் தூக்கிக் கல்மேல் நிறுத்தினார்கள். ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்றான் டெசிபல். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. அரை மணி முன்னதாகவே.

* * *

காது ஒல்லியான, குள்ளமான மனிதர். இரண்டு காதிலும் பஞ்சு. தெருச் சத்தம் ஆகாதாம். அறைக்குள் வந்து கதவைச் சாத்தச் சொன்னபிறகுதான் பஞ்சை எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார். டீ வேண்டாம், தண்ணீர் வேண்டாம், பேச்சும் வேண்டாம். கொண்டுவந்த இசைத்தட்டைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

அக்கா கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். தம்பி முகம் நன்றாகத் தெரிகிற கோணம். சினிமாவுக்கு முதல் வரிசையில் டிக்கெட் கிடைத்தவள் மாதிரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

முதலில் டிரம். பெரிய, ஆள் உயர டிரமாக இருக்க வேண்டும்.

ஓர் அடி விழுந்தது. வயிற்றில் விழுந்தாற்போல இருந்தது. விழுந்த கையோடு நின்றுவிட்டது. தரை முனகவில்லை, ஜன்னல் அதிரவில்லை. அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அறை துடைத்துவிட்டாற்போல இருந்தது. டீச்சர் சாய்ந்திருந்த கதவிலிருந்து நிமிர்ந்தாள்.

அடுத்து ஒரு பெண் குரல். பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் அவள் மூச்சை இழுத்தது கேட்டது. உதடு பிரிந்தது கேட்டது. யாரோ ஒருத்தி அந்த இரண்டு கல்லுக்கும் நடுவே வந்து நின்று, இவர்களைப் பார்த்துப் பாடத் தொடங்கினாற்போல இருந்தது.

அக்காவுக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. அதைப் பார்த்து அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது. முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

இருபத்திரண்டு நிமிடம். காது அசையவில்லை. பாட்டு முடிந்ததும் எழுந்தார், மண்டியிட்டார், வலது பக்கத்துக் கல்லை விரல் முட்டியால் தட்டினார்.

'பொத்'.

அக்கா ஸ்டூலை ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டாள். இப்போது சொல்லப் போகிறார். சொல்லட்டும்.

காது இடப்பக்கத்துக் கல்லையும் தட்டினார். 'பொத்'. முதல்முறையாகச் சிரித்தார்.

"ஊமை" என்றார். "ரெண்டுமே ஊமை. இதை யார் பாத்து எடுத்தது?"

"எங்க அக்கா சார்" என்றான் டெசிபல். "பக்கத்துலயே பட்டறை வெச்சிருக்காங்க."

"போன மாசம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இதே மாதிரி கல்லு வெச்சிருந்தாங்க. நல்ல கல்லு, தட்டினா மணி மாதிரி ஒலிக்குது. விளைவு என்ன? பாடறவங்க நிறுத்தினாலும் கல்லு நிறுத்தலை, கூடவே பாடிட்டு இருந்தது. எல்லாரும் அந்தத் தப்பைத்தான் பண்றாங்க. ஒசத்தியான கல்லாத் தேடி வாங்கறாங்க." அவர் அக்கா பக்கம் திரும்பினார். "இது வர்ற அதிர்வையெல்லாம் முழுங்கிட்டு வாயே தொறக்கலை. ஊமைக் கல்லுன்னு தெரிஞ்சேதான் எடுத்தீங்களாம்மா?"

"தெரிஞ்சேதான் எடுத்தேன்" என்றாள் அக்கா.

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. பாலிஷ்காரர் சுவரில் இருந்த பஞ்சை ஆராயத் தொடங்கினார்.

"பெரிய ஞானம்மா உங்களுக்கு" என்று காது கைகூப்பினார். வாழ்நாளில் அக்காவை இவ்வளவு கேவலமாக யாரும் திட்டியதில்லை.

வாசல் வரை போனவர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குக் குழுவைக் கூட்டிட்டு வர்றேன். அவங்க ஒரு தடவை கேட்டுட்டா முடிஞ்சுது. ஆனா எல்லாம் இப்ப இருக்கற மாதிரியே இருக்கணும். பெட்டியும் கல்லும் ஒரு இம்மி நகரக்கூடாது. முக்கியமாக் கல்லு."

* * *

கார் போனதும் டெசிபல் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கொப்புளம் வலித்தது. அவன் கவனிக்கவில்லை.

"அக்கா, உனக்கு ஒரு சிலை வைக்கணும்க்கா."

"அதுக்கும் கல்லு நானே குடுக்கணுமா?"

"விளையாடாதக்கா. நீ மட்டும் ஏதோ ஒரு கல்லைக் குடுத்திருந்தா இன்னிக்கு நான் போயிருப்பேன். என்மேல இவ்ளோ பாசம் வெச்சிருக்கியே..." மூக்கை உறிஞ்சினான்.

கெடுக்கப் போய், வாழவைத்து, அதற்கு நன்றியும் வாங்கிக்கொண்டு நிற்கிறவளை நினைத்துப் பாருங்கள். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அக்காவின் முகத்தில் பாவம் எதுவும் இல்லை. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இம்மி நகரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போன மனிதரின் குரல் இன்னும் அங்கே நின்றுகொண்டிருந்தது. மெல்ல மெல்ல அவள் உதடு விரிந்தது. இந்த மூன்று வாரத்தில் அவள் உண்மையாகச் சிரித்தது அப்போதுதான்.

"ஏங்க" என்றாள் கணவரிடம். "அந்தப் பெட்டியக் கீழ இறக்குங்க."

"எதுக்குக்கா?" என்றான் டெசிபல்.

"கல்லு வேணும்."

"எந்தக் கல்லு?"

"என் கல்லு."

"நாளைக்கு அவங்க வந்து கேட்டுட்டுப் போகட்டும்க்கா, அப்புறம்..."

"எண்பத்தேழு புள்ளி மூணு" என்றாள் அக்கா.

அறை அந்த மூன்று அடுக்குத் திரைக்கு நடுவே கப்சிப் என்றானது. மீட்டரைக் காட்டியிருந்தால் முப்பதுக்கும் கீழே போயிருக்கும்.

டெசிபல் வாயைத் திறந்தான். அதிலிருந்து வந்த வார்த்தையைக் கேட்டு டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அது சராசரிதான்க்கா. உச்சம் தொண்ணூத்தொண்ணு வரைக்கும் போச்சு. நான் கம்மியாத்தான் எழுதினேன்."

"உபகாரம் பண்ணியிருக்க."

"எனக்கு வேற வழி தெரியலைக்கா. உன் மெஷின் ஓடினா இந்த ரூம்ல ஒண்ணுமே கேக்க முடியலை. காலைல எட்டுலேர்ந்து சாயந்திரம் ஆறு வரைக்கும். பதினோரு வருஷம்."

"எங்கிட்ட வந்து சொன்னியா?"

"சொன்னேன்."

"எப்போ?"

"போன வருஷம். பட்டறைக்கே வந்து சொன்னேன். மெஷின் ஓடிட்டிருந்துச்சு, உனக்குக் கேக்கலை."

அக்கா அந்தப் போன வருடத்துக்கும் சேர்த்துப் பேசினாள். "நிறுத்தச் சொல்லி ஒரு கையைக் காட்டியிருந்தா நிறுத்தியிருப்பேன்டா. உனக்கு இல்லாத நேரமா? பேப்பரை எடுத்து, மேற்படி இயந்திரம்னு எழுதி, மணி போட்டு, புள்ளி வெச்சு, கொண்டுபோய்க் குடுத்துட்டு வர நேரம் இருந்துது. மூணு வாரமா வர்றவங்ககிட்டல்லாம் மெஷின் ரிப்பேர்னு சொல்லிட்டிருக்கேன். ரெண்டு ஆளு வேலைய விட்டுப் போயிட்டாங்க. நாளைக்குச் சாயந்திரம் பட்டறையே இல்ல. நீ வந்து பல்லைக் காட்டிட்டு, ரூம் அமைதியா இருக்கு பாருக்காங்கற!"

"அதனாலதான் வேணும்னே ஊமைக் கல்லாக் குடுத்தியா?" டெசிபலுக்கு இப்போதுதான் உறைத்தது. "என்னைக் கெடுக்கவா?"

"ஆமா. நீ கெட்டுப் போகலை, என் நேரம். இப்பக் கெடுத்துக்கறேன்."

பெட்டிகள் இறங்கின. பாலிஷ்காரர் ஒரு பக்கம், அக்கா மறுபக்கம். டெசிபல் குறுக்கே வந்து நின்றான். அக்கா நின்ற நிலையிலேயே அவனைப் பார்த்தாள். விலகினான்.

முதல் கல் வெளியே போய் வண்டியில் ஏறியது. டீச்சர் மெதுவாக நடந்து போய் ஃபிரிட்ஜின் பிளக்கைச் சொருகினாள். அது உறுமத் தொடங்கியதும் டெசிபல் பல்வலி வந்தவன் போல முகத்தைச் சுளித்தான்.

"நீயுமா?" என்றான்.

"எனக்குப் பால் வேணும்" என்றாள் டீச்சர்.

அக்கா இரண்டாவது கல்லுக்குக் குனிந்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸ் தொறக்கும். போய் வாபஸ் வாங்கு. அவங்க வந்து என் கண்ணு முன்னாடி சீலை உடைக்கட்டும். மெஷின் ஒரு சுத்துச் சுத்தட்டும். அப்புறம் கல்லு வரும்."

"பன்னெண்டு மணிக்குக் குழு வருதுக்கா. நேரம் பத்தாமப் போச்சுன்னா?"

"போச்சுன்னா ரெண்டையும் உடைச்சுப் போடுவேன். உள்ள விரிசல் ஓடற கல்லு, பெரிய சுத்தியல்ல ஓர் அடி போதும். வேற ஊமைக் கல்லு நீயே தேடிக்கோ. எவன் பட்டறைல போய், உங்க கல்லுலயே மட்டமானது எதுன்னு கேப்ப? கேட்டுப் பாரு, மரியாதையா அனுப்பறாங்களான்னு."

டெசிபல் உதட்டைக் கடித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. பதினோரு வருடத்தையும் வெறும் தரையில் இறக்கி வைத்துவிட்டார்கள்.

"போறேன்க்கா" என்றான். "ஒம்பதரைக்கே போய் நிக்கறேன். தப்பா அளந்துட்டேன்னு எழுதிக்கூடக் குடுக்கறேன்."

அவன் வாயிலிருந்து இது வருவதற்கு அவன் எவ்வளவு செத்திருக்க வேண்டும் என்பது அவனைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"அது" என்றாள் அக்கா. கல் தரையை விட்டு எழும்பியது. அவள் முன்னோக்கி நடந்தாள், பாலிஷ்காரர் பின்னோக்கி.

"ஆனா நான் மட்டும் போனாப் பத்தாதுக்கா."

"ஏன் பத்தாது?"

"ஒருத்தர் குடுத்தா அந்தப் புகாரை எடுத்துக்கவே மாட்டாங்க. ரெண்டு பேர் கையெழுத்து வேணும்னாங்க. ரெண்டு பேருமே வந்து கையெழுத்துப் போட்டாத்தான் வாபஸ்."

அக்கா வாசற்படியில் நின்று தலையை மட்டும் அவன் பக்கம் திருப்பினாள். கல் இடுப்பு உயரத்தில் இருந்தது. "யாருடா அந்த இன்னொருத்தர்?"

டெசிபல் மீட்டரைச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

"டீச்சரா?"

"சத்தியமா நான் இல்ல அண்ணி" என்றாள் டீச்சர். "எங்கிட்ட யாராவது கையெழுத்துக் கேட்டிருந்தா இவர் பெட்டிக்கு எதிராப் போட்டிருப்பேன்."

"பின்ன யாரு? தெருவுல எவன்? வாயைத் தொறந்து சொல்லித் தொலைடா."

டெசிபல் அக்காவைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, கல்லின் அடுத்த முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல் கொஞ்சம் சாய்ந்தது. ஐம்பது கிலோவில் பாதிக்கு மேல் தன் பக்கம் வந்துவிட்டது போல அக்காவின் மணிக்கட்டு கீழே போனது.

"ஏங்க, சரியாப் பிடிங்க" என்று சொன்னபிறகுதான் அவள் திரும்பினாள்.

பாலிஷ்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தானே போட்ட பளபளப்பில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"மொதல்ல இதைக் கீழ வெச்சுடுவோம்மா" என்றார். "யார் கால்லயாவது விழுந்துடப் போகுது."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. உள்ளே ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரே கல்லின் இரண்டு முனையைப் பிடித்தவர்கள் அந்த வாசற்படியில் எதிரெதிரே நின்றார்கள். அக்காவின் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து கல் வழுக்கியது. அவள் பிடியை இறுக்கினாள்.

"வைக்க மாட்டேன்" என்றாள். "நீங்களும் வைக்கக் கூடாது. பிடிச்சுக்கிட்டே சொல்லுங்க."